அருவிக்கரையில் கூடாரம்

நாமக்கல் கோட்டை நிற்கின்ற அந்தப் பெரும் பாறையின்மேல் மாலை வேளையில் ஏறி நின்று வடகிழக்கே நோக்குவோர்க்கு, வானத்தின் அடியிலே நீண்டு கிடக்கும் நீல மதில் ஒன்று தெரியும். அதுதான் கொல்லிமலை. கீழே சமவெளி காய்ந்து கிடக்கும். கிணறுகளில் நீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும். அந்த மதிலின் மேலேயோ ஓடைகள் சலசலத்துக்கொண்டிருக்கும். சேலம், நாமக்கல் பக்கத்தில் வாழும் நமக்கு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் அங்கே சென்று ஓர் இரவு தங்கவேண்டும் என்ற ஆசை எழுவது இயற்கையே.

அப்படித் தங்குவதைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகின்றேன். அருவியைப் பார்ப்பது வேறு. அருவியின் அண்மையில் படுத்து உறங்குவது வேறு. பார்ப்பதற்குக் கண் போதும். உறங்குவதற்கு அந்த நீரின் குணத்தை அறிந்திருத்தல் வேண்டும். நான் அதை அறியாமலே ஒரு முறை இருபத்திரண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு போனேன்.

மலைக்குச் செல்லும் வழியை முதலில் சொல்லிவிடுகின்றேன். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் சென்று, காரவள்ளி என்னும் அடிவார ஊரை அடைந்தால், அங்கிருந்து சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளாக வளைந்து வளைந்து ஏறுகின்றது. வளைவுகளை எண்ணிக்கொண்டே போகும் பிள்ளைகள் முப்பதுக்குமேல் எண்ணுவதில்லை; தலை சுற்றித் தாயின் மடியில் சாய்ந்துவிடுவார்கள். ஏறி முடிந்தால் சோளக்காடு, அப்பால் செம்மேடு. அடிவாரத்தில் வியர்வையைத் துடைத்த கைக்குட்டையை இங்கே காதுக்குக் கட்டிக்கொள்ளத் தோன்றும். ஆயிரம் மீட்டர் மேலே போனால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும் என்பது பௌதிக நூலார் கணக்கு. அந்தக் கணக்கை உடம்பே செய்து பார்த்துக்கொள்ளும்.

மலை என்றவுடன் கூரிய சிகரம் ஒன்றை நாம் மனத்தில் எழுதிக்கொள்கின்றோம். கொல்லிமலை அத்தகையதன்று. சுற்றிலும் செங்குத்தாக உயர்ந்து, மேலே மேசையைப்போல் பரந்து, அந்தப் பரப்பிலே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஒரு தனி உலகம் அது. பெரும்பகுதி 1,000 மீட்டருக்கும் 1,300 மீட்டருக்கும் இடையே உள்ளது. அங்குள்ள ஊர்த் தொகுதிகளுக்கு நாடு என்று பெயர்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று இப்படிப் பல. அங்கு வாழும் பழங்குடியினரை மலையாளிகள் என்பர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்பதே பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்தவர்கள், சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக்கு மாறினார்கள். சிறுதானியம் முற்றிலும் அழிந்துபோகாமல் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றார்கள்.

கொல்லிமலையைப் பேசுகிறவன் வல்வில் ஓரியைச் சொல்லாமல் போனால் தமிழன்பர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றிலே பாடுகின்றார். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவன் பெயரால் இன்றும் ஆடித் திங்களில் மலைமேல் விழா நடக்கின்றது. அந்த அம்பு எவ்வளவு தூரம் போயிற்று என்பதைத் தமிழாசிரியர்களுக்கு விட்டுவிட்டு, நான் ஆற்றுக்கு வருகின்றேன்.

மலைமேல் ஓடும் பல ஓடைகள் கூடி ஐயாறு என்னும் ஆறாகின்றன. ஐந்து ஓடைகள் சேர்வதால் வந்த பெயர் என்பர். அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் அந்த ஆறு, சிறிது தொலைவிலே மேசையின் விளிம்பை அடைந்து, சுமார் 300 அடி ஆழத்தில் ஒரு மலையிடுக்கில் விழுகின்றது. அதுவே ஆகாய கங்கை. கோயிலின் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி அதன் அடிக்குப் போகவேண்டும். இறங்கும்போது எல்லோரும் வீரர்களே. ஏறும்போதுதான் வயது தெரியும். அங்கே விழுந்த நீர் இடுக்கின் வழியே காட்டுக்குள் நுழைந்து, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் சமவெளியைத் தொட்டு, கடைசியில் காவிரியில் கலக்கின்றது. புளியஞ்சோலை என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடுக்கு எப்படி உண்டாயிற்று? கொல்லிமலையின் உடம்பு சார்னோக்கைட் என்னும் கருமை கலந்த கடும் பாறை. கல்கத்தாவிலே யோபு சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் சமாதியில் கிடக்கும் கல் இவ்வினத்தைச் சேர்ந்தது. அதனால் தாமஸ் ஹாலந்து என்ற நிலநூலார் 1893இல் இப்பெயரை இட்டார். நம் பக்கத்து மலைகளில் இந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இவ்வளவு கடிய பாறையை நீர் நேராக அறுப்பதில்லை. பாறையில் இயல்பாகவே உள்ள வெடிப்புகளைத் தேடிப் பிடிக்கின்றது. வெடிப்பில் நுழைந்து, மணலையும் கூழாங்கல்லையும் கருவியாகக் கொண்டு தேய்த்து, கட்டி கட்டியாகப் பெயர்த்துத் தள்ளுகின்றது. அருவியின் காலடியில் கிடக்கும் யானைக்குட்டி போன்ற பாறைகள், ஒரு காலத்தில் மேலே விளிம்பாக இருந்தவை. அருவி இப்படி மலைக்குள் மெல்ல மெல்லப் பின்வாங்குகின்றது. அது விட்டுச்சென்ற தடமே மலையிடுக்கு. அந்தப் பாறைகளை உருட்டியது நாம் காலை நனைத்து மகிழும் மெல்லிய நீரன்று. ஆண்டில் ஒரு சில நாள், ஒரு சில நாழிகை மட்டும் வரும் வேறொரு நீர். அந்த நீரைத்தான் நான் அன்று சந்தித்தேன்.

ஐப்பசி மாதம். உரியவர்களிடம் அனுமதி பெற்று, ஐயாற்றில் சேரும் ஓடையொன்றின் அருகே சாரணர் முகாம் அமைக்கப் போனோம். இடத்தைத் தேர்ந்தவன் நான். ஓடை வளைகின்ற இடத்தில் பாய் விரித்தாற்போல் ஒரு மணல் திட்டு. நீருக்கு நாலு முழம் உயரமும் இல்லை. கல் இல்லை, முள் இல்லை. குடம் எடுத்துக்கொண்டு நடக்கும் தொல்லையும் இல்லை. கூடாரங்களை அடித்து முடித்தோம். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த மலையாளிப் பெரியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, இது ஆறு படுக்கிற பாயிங்க. நீங்க படுக்கலாமுங்களா?” என்றார்.

“வானம் தெளிவாக இருக்கிறதே, பெரியவரே!” என்றேன் நான்.

“இங்க தெளிவுதானுங்க. அங்க பாருங்க” என்று கைத்தடியால் மேற்கே காட்டினார். தொலைவிலே ஒரு முகட்டின்மேல் மட்டும் கருமேகம் கவிந்திருந்தது. பிறகு ஓடையோரப் புதர் ஒன்றைக் காட்டினார். அதன் கிளைகளில், என் மார்பளவு உயரத்தில், காய்ந்த சருகும் வைக்கோலும் சிக்கித் தொங்கின. அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. எனக்கே புரிந்தது.

கூடாரங்களைப் பிடுங்கச் சொன்னேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். இருட்டும் வேளையில் முப்பது அடி மேலே, கல்லும் முள்ளும் நிறைந்த சரிவில் மீண்டும் முளை அடித்தோம். வானத்தில் விண்மீன்கள் தெளிவாக இருந்தன. ஒரு துளி மழையும் எங்கள்மேல் விழவில்லை. ‘பெரியவர் பேச்சைக் கேட்டு முதுகில் கல் குத்தப் படுக்கிறோமே’ என்று நானே நினைத்தேன். நள்ளிரவு கடந்து ஓடையின் ஓசை மாறிற்று. சலசலப்பு நின்று, தொலைவில் வண்டி ஓடுவது போன்ற ஓர் உறுமல். மின்பொறி விளக்கை அடித்துப் பார்த்தேன். மணல் திட்டு இருந்த இடத்தில் செந்நிறமாக நீர் புரண்டுகொண்டிருந்தது. முழு மரக்கிளை ஒன்று அதிலே சுழன்று போயிற்று. இருபத்திரண்டு தலைகளையும் இரண்டு முறை எண்ணினேன்.

மழையின்றி வெள்ளம் வந்தது எப்படி? மலையின் மேற்பரப்பு பல கிண்ணங்களாகக் குழிந்திருப்பது ஒரு காரணம். ஒரு கிண்ணத்தில் விழும் மழை முழுவதும் ஒரே ஓடையைத் தேடி வருகின்றது. மண் ஆழமில்லாத இடங்களில் அடியிலுள்ள பாறை நீரை உறிஞ்சுவதில்லை. சரிவு மிகுதியாதலால் வேகமும் மிகுதி. சமவெளியில் காவிரி ஏறுவதற்கு நாள் கணக்கில் ஆகும். மலையோடை ஏறுவதற்கு நிமிடங்கள் போதும். இடுக்கிலே இன்னும் மோசம். அகன்ற ஆறு பக்கவாட்டில் பரவி ஒரு முழம் ஏறும் அதே நீர், இருபுறமும் பாறைச்சுவர் நெருக்கும் இடத்தில் ஆளுயரம் ஏறும். தப்பி ஓடுவதற்கும் அங்கே பக்கம் கிடையாது. பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓட, பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆகாய கங்கையிலும் நீர்வரத்து மிகுந்தால் வனத்துறையினர் படிவழியை அடைத்துவிடுவார்கள். இவ்வளவு தூரம் வந்தும் குளிக்க விடவில்லையே என்று சிலர் சண்டைக்கு நிற்பதை நான் கண்டிருக்கின்றேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலே வாட்கின்ஸ் கிளென் என்றொரு பூங்கா உண்டு. குறுகிய மலையிடுக்கும் 19 அருவிகளும் உடையது. அங்கே 1935இல் வந்த பெருவெள்ளம் இடுக்கினுள் போட்டிருந்த நடைபாதைகளைத் தகர்த்துவிட்டது. பின்னர்க் கல்லால் புதிதாகக் கட்டினார்கள். அங்கே கூடாரம் அடிப்போருக்கு இடம் ஒதுக்கியிருப்பது இடுக்கினுள்ளே அன்று, மேட்டுக் காட்டிலே.

நீர் தன் வரவை முன்னறிவிக்காமல் இருப்பதில்லை. தெளிந்த ஓடை கலங்குதல், சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வருதல், ஓசை தடித்தல், காரணமின்றிக் குளிர்காற்று இடுக்கின் வழியே வீசுதல் — இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துணியை எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஏறவேண்டும். வந்த வழியே திரும்பி ஓடுவதன்று. பக்கவாட்டில் ஏறுவதே முறை. பகலில் இவை கண்ணுக்குத் தெரியும். உறங்குகிறவனுக்கு எது தெரியும்? ஆகவே உறங்கும் இடம், புதரில் சருகு சிக்கிய உயரத்துக்கு நன்றாக மேலே இருக்கவேண்டும்.

மேட்டில் படுப்பதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவின் வழியே நீரைப்போலவே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகின்றது. ஓடைக்கரையில் படுத்தவன் விடியற்காலையில் பல் கிட்டி எழுவான்; கூடாரத் துணி பனியில் நனைந்திருக்கும். சரிவின் நடுவில் படுத்தவனுக்கு ஒரு கம்பளி போதும். ஆனால் முகட்டின் உச்சியும் ஆகாது. காற்றும் இடியும் அங்கே முதலில் வரும். பட்ட மரத்தின் கீழும், செங்குத்துப் பாறையின் அடியிலும் கூடாரம் அடிக்கக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. என்றாலும் நிழலுக்காக அங்கேதான் பலரும் அடிக்கின்றார்கள்!

நெருப்பைப் பற்றி ஒரு சொல். சருகை மண் தெரியும்வரை கூட்டித் தள்ளாமல் அடுப்பு மூட்டுவது குற்றம். கோடையில் மூட்டாமலிருப்பதே நன்று. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 23 பேர் மாண்டார்கள். புல் காய்ந்த சரிவில் நெருப்பு மனிதனைவிட வேகமாக மேலே ஏறும். நீருக்கு மேட்டுக்கு ஓடு என்றேன். நெருப்புக்கு அது பொருந்தாது. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் தங்கக்கூடாது என்ற விதியைத் தொல்லையாக எண்ணுவோர், எந்தக் காட்டில் எத்தனை பேர் இருக்கின்றார்கள் என்று தெரியாமல் மீட்கப் போகிறவனின் நிலையையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

எங்கள் முகாமுக்கு வருகின்றேன். விடிந்தபோது வெள்ளம் வடிந்திருந்தது. மணல் திட்டைக் காணோம். அங்கே வேரோடு வந்த ஒரு மரமும் நாலைந்து புதிய பாறைகளும் கிடந்தன. பிள்ளைகள் நெடுநேரம் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஆடுகளோடு வந்தார். தேநீர் கொடுத்தோம். குற்றம் சொல்லும் பார்வை ஒன்றை நான் எதிர்பார்த்தேன்; அவரோ மாணவர்கள் எல்லோரும் உறங்கினார்களா என்று மட்டும் விசாரித்தார்.

காலைச் சமையலுக்குத்தான் இடர்ப்பாடு நேர்ந்தது. இரவு சோறு வடித்த பெரிய அலுமினியச் சட்டியைக் கழுவி, விளிம்பில் ஒரு கல்லின்மேல் கவிழ்த்து வைத்திருந்தோம். மேலே எடுத்து வர மறந்துவிட்டோம். ஓடையின் இருபுறமும் தேடிய பையன்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

“அதை விடுங்க, தம்பி. இந்நேரம் புளியஞ்சோலை போய்ச் சேர்ந்திருக்கும்” என்றார் பெரியவர், தேநீரை உறிஞ்சிக்கொண்டே.