துண்டுபட்ட படக்கோப்புகளை ஒன்றாய் இணைத்தல்

வயலில் நடைபெறும் செயல்விளக்கத்தையோ வகுப்பில் நிகழும் பாடத்தையோ வீடியோ காமிராவிற் பதிவு செய்வோர், ஒரே நிகழ்ச்சி பல கோப்புகளாகத் துண்டுபட்டிருக்கக் காண்பதுண்டு. இது பெரும்பாலும் கருவியின் பழுதன்று. நினைவக அட்டைகள் பலவற்றிற் கையாளப்படும் ஃபாட்-32 என்னும் அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்டுதல் இயலாது. ஆகவே காமிரா அவ்வெல்லைக்குள் ஒரு கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிடுகிறது.

2000ஆம் ஆண்டில் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள், ஓர் ஆணை வரியிலேயே இத்துண்டுகளை இணைத்துத் தரும். பெயர்களை ஒவ்வொன்றாக எழுதவேண்டுவதுமில்லை. லினக்ஸ் போன்ற இயக்கத் தொகுதிகளில் ஆணைகளை ஏற்கும் ஷெல், உடுக்குறியைக் (*) கண்டவிடத்துப் பொருந்தும் பெயர்களையெல்லாம் தானே நிரப்பும். யூனிக்சின் முதற் பதிப்பில் (1971) இவ்வேலைக்கெனக் 'குளோப்' என்றதொரு தனி நிரலே இருந்தது.

இங்குதான் விபத்து நேர்கிறது. உடுக்குறியை விரிப்பது ஷெல்லேயன்றி எஃப்எஃப்எம்பெக் அன்று. உள்ளீட்டைக் குறிக்கும் 'ஐ' என்னும் குறிக்குப் பின் உடுக்குறியை இட்டால், விரிந்த பெயர்களுள் முதலாவது மட்டுமே உள்ளீடாகும். ஏனையவெல்லாம் வெளியீட்டுக் கோப்புகளாகக் கொள்ளப்படும்! மேலெழுதலாமா என்று மென்பொருள் வினவும். பழக்கத்தால் 'ஆம்' என்போர் மூலப் பதிவையே இழப்பர்.

முறையான வழி, முதலில் பெயர்ப்பட்டியலை ஓர் எழுத்துக் கோப்பாக ஆக்குவதே. வரிக்கு ஒரு பெயர். அதன் முன் 'ஃபைல்' என்னும் ஆங்கிலச் சொல். பெயர் ஒற்றை மேற்கோளுக்குள். 'பிரிண்ட்எஃப்' ஆணையுடன் உடுக்குறியைச் சேர்த்தால் ஷெல்லே இதனை எழுதித் தரும். அப்பட்டியலைக் 'கான்கேட்' முறையில் கொடுத்துக் 'காப்பி' எனப் பணித்தால், படம் மறுபடி குறியேற்றப்படாமல் அப்படியே நகலாகும். தரம் சிறிதும் குறையாது. ஆனால் துண்டுகள் யாவும் ஒரே கோடெக்கும் ஒரே பட அளவும் உடையனவாதல் வேண்டும். ஒரே காமிராவில், ஒரே அமைப்பில் எடுத்தவையாயின் இதில் ஐயமில்லை.

வரிசையையும் கவனித்தல் நலம். ஷெல் பெயர்களை எண்மதிப்பால் அன்றி எழுத்து வரிசையால் அடுக்குவதால் 1-க்கு அடுத்து 10, 11 வந்து, அதன் பின்னரே 2 வரும். பாடத்தின் முடிவு நடுவில் வந்து நிற்கும். 01, 02 எனப் பெயரிட்டால் இக்குழப்பம் நேராது.

இணைத்த கோப்பை வேறோர் அடைவில் வைக்க. இல்லையேல் அடுத்த முறை உடுக்குறி அதனையும் ஒரு துண்டாகச் சேர்த்துவிடும். அதன் கால அளவு துண்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒத்திருப்பதைக் கண்ட பின்னரே அட்டையை அழிக்கலாம்.