பெயின்டில் நின்ற புகைபோக்கி
கரையில் நின்ற கப்பல்கள் – 9

34.5 லட்சம் டாலர் விலை, கேப் ஹார்ன் முனையைச் சுற்றிய கடைசிப் பயணம், மேல்தளத்தில் இரண்டு லண்டன் மாடிப் பேருந்துகள், முடிவில் 1967 டிசம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச். சென்ற வாரம் குவீன் மேரி என்ற பயணிகள் கப்பலை அங்கேதான் விட்டோம். இந்த வாரம் எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். ஆனால், குவீன் மேரியின் மூன்று புகைபோக்கிகளைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கப்பலை வாங்கிய லாங் பீச் நகராட்சி அதை ஓட்டுவதற்காக வாங்கவில்லை. விடுதி, அருங்காட்சியகம், உணவகங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு மிதக்கும் கட்டடமாக்குவதே திட்டம். அதற்கு இடம் வேண்டும். கீழ்த்தளங்களில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை 27 கொதிகலன்கள். அவற்றை வெளியே எடுக்க ஒரே வழி மேல்பக்கம். மேலே வழியை மறித்து நின்றவை புகைபோக்கிகள். சரி, புகைபோக்கிகளைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி பொருத்திவிடலாம் என்று கிரேனைக் கொண்டுவந்தார்கள்.

கழற்றிய பிறகுதான் தெரிந்தது, மறுபடி பொருத்துவதற்கு அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை என்று. இரும்பைத் துரு தின்று தீர்த்திருந்தது. இத்தனை காலம் அவற்றை நிற்கவைத்தது, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த 30க்கும் மேற்பட்ட பெயின்ட் பூச்சுகள்தான் என்று சொல்வார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பே தாங்கி நிற்கும் பழைய மண்சுவரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இன்று லாங் பீச்சில் பார்ப்பவை அலுமினியத்தில் செய்த நகல்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? வெளியே உப்புக் காற்று, உள்ளே உலை எண்ணெய் எரிந்த புகை. அந்த எண்ணெயில் கந்தகம் உண்டு. உலை எரிந்து, சூடு இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. உலை அணைந்து குளிர்ந்ததும் ஈரம் படிகிறது. கரியோடு சேர்ந்து அமிலமாகிறது. ஓடுகிற கப்பலைவிட நிற்கிற கப்பல் சீக்கிரம் கெடுவதற்கு இது ஒரு காரணம்.

குவீன் மேரிக்குத் துரு பிறவியிலேயே வந்த எதிரி. ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் இருந்த ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளத்தில் 1930 டிசம்பரில் வேலை தொடங்கியது. அப்போது அதற்குப் பெயர் இல்லை. 534 என்ற எண் மட்டுமே. ஏறத்தாழ ஓர் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் வந்து வேலையை நிறுத்தியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பிரம்மாண்டக் கூடு பூசாத இரும்பாக மழையில் நின்றது. ஊரே வேலையிழந்து நின்றது. 1934 ஏப்ரலில் அரசு கடன் கொடுத்து வேலை மீண்டும் தொடங்கியபோது, தொழிலாளர்கள் பைப் வாத்தியம் முன்னே முழங்கத் தளத்துக்குள் நடந்து போனார்கள். உள்ளே போனதும் அவர்களுக்குக் காத்திருந்த முதல் வேலை, துருவைச் சுரண்டுவது.

புகைபோக்கியின் சிவப்புக்கும் ஒரு கதை உண்டு, இதையும் விட முடியவில்லை. குவீன் மேரியை இயக்கிய குனார்ட் நிறுவனம் 1840இல் கப்பல் விடத் தொடங்கியபோது எஞ்சின் செய்து கொடுத்தவர் கிளாஸ்கோவின் ராபர்ட் நேப்பியர். சூடேறும் புகைபோக்கியில் எந்தச் சாயமும் நிற்காத காலம் அது. நேப்பியர் செங்காவியை மோரில் கரைத்துப் பூசச் செய்தார், சூட்டில் அது இறுகிப் பிடித்துக்கொண்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. மோர் போய் ஆலைப் பெயின்ட் வந்த பிறகும் குனார்டின் அடையாளமாக அந்த ஆரஞ்சு கலந்த சிவப்பே நீடித்தது.

இடையில் சில ஆண்டுகள் மட்டும் சிவப்பு மறைந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கப்பல் முழுக்கச் சாம்பல் நிறம் பூசினார்கள். 1940 மார்ச்சில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவீன் மேரி, அங்கே படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாறியது. தனியாக, பாதுகாப்புக் கப்பல்கள் இல்லாமல், வேகத்தை மட்டுமே நம்பி அட்லாண்டிக்கைக் கடந்ததால் ‘சாம்பல் பேய்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்தது. 1947இல் மறுபடி சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாகப் பயணிகளிடம் திரும்பியது. ஆக, லாங் பீச்சில் கிரேன் தூக்கிய அந்தப் பூச்சுகளின் நடுவே போர்க்காலச் சாம்பலும் ஒரு படலமாக இருந்திருக்கும்.

அந்தப் பூச்சுகளை அடித்தவர்கள் யார் என்பதில்தான் இந்தத் தொடரின் மையம் இருக்கிறது. ஓடிய காலத்தில் குவீன் மேரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள். அவர்களில் டெக் ஆட்களுக்கு வேலை ஓய்ந்த நாளே கிடையாது: சிப்பிங் சுத்தியலால் துருவைத் தட்டு, சுரண்டு, அடிப்பூச்சு அடி, மேல்பூச்சு அடி, அடுத்த இடத்துக்கு நகர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்து சேர்வதற்குள் முதல் முனையில் மறுபடி துரு பிடித்திருக்கும். நகராட்சி கப்பலை வாங்கியது. அந்தக் கைகளை வாங்கவில்லை. பழைய கப்பல்களைக் காப்பாற்றப் பணம் திரட்டுபவர்கள் எல்லோரும் வாங்கும் விலையைப் பேசுகிறார்கள், விடுதி அறைகளைப் பேசுகிறார்கள். பெயின்ட் அடிப்பவரின் மாதச் சம்பளம் எந்தத் திட்ட அறிக்கையிலும் முதல் வரியாக இருப்பதில்லை. இருக்க வேண்டும்.

லாங் பீச்சில் நடந்ததைப் பாருங்கள். கப்பல் குத்தகைக்காரர்களிடையே கை மாறிக்கொண்டே இருந்தது. டிஸ்னி நிறுவனமே சில ஆண்டுகள் நடத்திப் பார்த்துவிட்டு 1992இல் விலகியது. 2016இல் புதிய குத்தகைக்காரர் வந்தபோது, அவசரப் பழுதுகளுக்கென்று நகராட்சி 2.3 கோடி டாலர் ஒதுக்கியது; வேலைப் பட்டியல் முடிவதற்குள் பணம் முடிந்தது. 2017இல் வெளியான ஆய்வு, முழுமையாகச் சீராக்க 23.5 கோடி முதல் 28.9 கோடி டாலர் வரை ஆகும் என்றது. 2021இல் குத்தகை நிறுவனம் திவாலாகி, கப்பல் நகராட்சியிடமே திரும்பி வந்தது. உடனே கவனிக்காவிட்டால் வெள்ளம் புகுந்து கவிழும் ஆபத்தும் உண்டு என்று பொறியாளர்கள் எச்சரித்ததும் அதே ஆண்டில்தான்.

அதன் பிறகு நடந்த வேலை பாராட்டத்தக்கது. உயிர்காப்புப் படகுகளில் பெரும்பாலானவற்றை இறக்கினார்கள். பார்வைக்கு இழப்புதான், ஆனால் அவற்றின் எடை கப்பலின் பக்கச்சுவரை இழுத்துக்கொண்டிருந்தது. அடித்தளத்தில் புகும் நீரை இறைக்கும் பம்புகளைப் புதிதாக்கினார்கள். 2023 மே மாதம் விடுதி மறுபடி திறந்தது. கவர்ச்சியில்லாத பம்புகளுக்கு முதலிடம் கொடுத்த நிர்வாகத்தை நம்பலாம்.

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதிதான் இன்னும் உறுத்துகிறது. 1968இல் லாங் பீச் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தின் உலர்துறையில் ஏறி இறங்கியதுதான் குவீன் மேரியின் கடைசி முறை. அந்தத் தளமே 1997இல் மூடப்பட்டுவிட்டது. 1,019 அடி நீளமுள்ள முதிய கப்பலை வேறு உலர்துறைக்கு இழுத்துப் போவது, நிற்கவைத்துக் காப்பதைவிட ஆபத்து. எனவே அடியில் இருப்பது அரை நூற்றாண்டுக்கு முந்தைய பூச்சு. பாறைக்கரை சூழ்ந்த நீர்த்தேக்கத்துக்குள் அலை அடிக்காமல் நிற்பது ஓரளவு காக்கிறது.

இத்தனை கஷ்டப்பட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ‘ரஜூலா’வை நினைவுபடுத்தலாம். அது கிளாஸ்கோவில், 1926இல் பிறந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஒரு தலைமுறைத் தமிழர்களை ஏற்றிச் சென்ற கப்பல். 1973இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ‘ரங்கத்’ என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே பம்பாயில் உடைத்தார்கள். அதன் டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் போய்ப் பார்க்க இன்று அந்தக் கப்பல் இல்லை. கஷ்டப்பட வேண்டும் என்பதே இந்தத் தொடரின் பதில்.

யுனைடெட் ஸ்டேட்ஸ் அடுத்த வாரம் வருகிறது. 1952இல் முதல் பயணத்திலேயே 3 நாள், 10 மணி, 40 நிமிடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து, குவீன் மேரியின் வேகப் பட்டத்தைப் பறித்த கப்பல். 2025 மார்ச்சில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்கு அதை இழுத்து வந்தார்கள். ஃபுளோரிடா கடலில் மூழ்கடித்து, மீன்களுக்கும் முக்குளிப்போருக்கும் செயற்கைப் பாறைத்திட்டாக்குவது திட்டம். அதற்கு முன்பு உதிரும் பெயின்டை எல்லாம் சுரண்டி எடுத்துவிட வேண்டுமாம், கடலுக்கு நஞ்சாகிவிடக் கூடாது என்று.

(தொடரும்)