மறுபடி குடித்தவருக்கும் சிகிச்சை உரிமை உண்டு: காட்டுப்பள்ளி வட்டாரக் குடும்பங்களுக்கு

காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு என நீளும் கரையோரத்தில், குடியை விட்டவர் சில மாதங்கள் கழித்து மறுபடி குடித்துவிட்டால், குடும்பத்தார் பெரும்பாலும் மூன்று தவறுகளுள் ஒன்றைச் செய்கின்றனர்: அடித்து அறையில் பூட்டுகின்றனர், அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலக்கின்றனர், அல்லது சுவரொட்டியில் கண்ட எண்ணை அழைத்து, பதிவு உண்டா என்றுகூடக் கேட்காமல் ஏதோ ஒரு மையத்தில் ஒப்படைக்கின்றனர். மூன்றுமே உயிருக்கு ஆபத்தானவை என்பதும், மூன்றுக்கும் மாற்றாகச் சட்டம் உறுதிசெய்த வழி இருப்பதும் இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

விட்ட பின் ஒருமுறை குடித்து நின்றுவிடுவது சறுக்கல். பழைய அளவுக்கே திரும்பிவிடுவது மறுவீழ்ச்சி. இந்த வேறுபாட்டை 1980களில் விரிவாக ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், சறுக்கலை மறுவீழ்ச்சியாக வளர்ப்பதில் ‘எல்லாம் போயிற்று’ என்ற குற்றவுணர்வுக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டினார். எனவே முதல் நாளில் விழும் வசைச்சொல் நோயாளியை மீண்டும் கடை வாசலுக்கே அனுப்பக்கூடும். சறுக்கும் காலமும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான்: விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கூலி கைக்கு வரும் நாள், இரவு ஷிப்டு முடிந்த காலை, கோயிலுக்குப் போட்ட மாலையைக் கழற்றும் நாள்.

மறுபடி பல நாட்கள் தொடர்ந்து குடித்தவரை வீட்டிலேயே திடீரென நிறுத்தச் செய்யக் கூடாது. உடல் மதுவுக்குப் பழகிய நிலையில் அது நின்றுபோனால் வரும் பாதிப்புகளை மருத்துவம் விலகல் நிலை என்கிறது. கடைசிக் குடிக்குப் பின் சுமார் 6 மணி நேரத்திலிருந்து கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். தேநீர் டம்ளரை இரு கைகளாலும் பிடித்தும் தேநீர் தளும்பிச் சட்டையில் சிந்துமானால் அதுவே முதல் எச்சரிக்கை. இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள், இல்லாத பூச்சியைத் தட்டுவதும் ஆளறியாமல் பேசுவதுமான சன்னிநிலை வந்து, கவனிக்காவிட்டால் உயிரைப் பறிக்கும். ஒவ்வொரு மறுவீழ்ச்சிக்குப் பிறகும் விலகல் முன்னதைவிடக் கடுமையாக வரக்கூடும் என்பதால், ‘போன தடவை தானாகத் தெளிந்தாரே’ என்று காத்திருப்பது தவறு.

மாத்திரை கலப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்காக மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கப்படும் டைசல்பிரம், நோயாளி அறிந்து ஒப்புக்கொண்டு மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டிய மருந்து. அறியாமல் உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும். மனைவியோ தாயோ அன்பினால் கலந்தாலும் அது நஞ்சு கலப்பதற்குச் சமம். சாம்பாரிலும் வேண்டாம், காபியிலும் வேண்டாம்.

செல்ல வேண்டிய இடம் எது? சென்னைக்கு அருகில் இருந்தாலும் காட்டுப்பள்ளி, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. வலிப்போ சன்னியோ கண்டால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மற்ற நிலையில் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குச் சென்று, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் வருவார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மின்சார ரயிலில் வண்ணாரப்பேட்டை வந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அடையலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் ‘கலங்கரை’ என்னும் போதை மீட்பு மையம் உள்ளது. இத்தகைய 25 மையங்களை அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கியது. வழி தெரியாதவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணையோ 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ அழைக்கலாம். போகும்போது ஆதார் அட்டை, பழைய ஓ.பி. சீட்டு, முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி, உண்ணும் மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றைக் கையில் கொண்டுபோக வேண்டும். கடைசியாகக் குடித்த நாளையும் மணியையும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

‘தெளிந்த பிறகு அழைத்து வாருங்கள்’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இன்னும் ஒழியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. 18ஆம் பிரிவு அரசுச் சேவையில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. உயிராபத்து நெருங்கிய நிலையில் மனநல மருத்துவர் இல்லாவிட்டாலும், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தர 94ஆம் பிரிவு வழிசெய்கிறது. இது எத்தனையாவது மறுவீழ்ச்சி என்ற கணக்குக்குச் சட்டத்தில் இடமில்லை. திருப்பி அனுப்பினால் மறுப்பை எழுத்தில் கேட்டு, மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் மனு கொடுக்க வேண்டும். பலனில்லையேல் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும்.

தனியார் மையத்தில் சேர்ப்பதானால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். அதே சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி பதிவில்லாமல் மையம் நடத்தக் கூடாது. சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு முற்றிலும் தடைசெய்கிறது. சம்மதமின்றி உள்நோயாளியாக வைப்பதற்கு 89ஆம் பிரிவின்படி மருத்துவ மதிப்பீடு வேண்டும். அதுவும் முதலில் 30 நாட்கள் வரைதான். வெற்றுத்தாளில் கையெழுத்திடக் கூடாது. வீட்டாரைப் பார்க்கவிடாத மையத்தில் ஒரு நாளும் விட்டுவைக்கக் கூடாது. முறையீட்டைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பக வளாகத்திலுள்ள மாநில மனநல ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

வேலை போய்விடும் என்ற அச்சத்தில் மறைப்பவர்களும் பலர். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள ஒப்பந்தத் தொழிலாளி, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்ப்படியாகப் பெறலாம். சான்றில்லாமல் வீட்டில் கிடந்தால் அது வெறும் வராத நாள்தான். மறைப்பது இன்னொரு ஆபத்தையும் அழைக்கிறது. தெரிந்தவர் பார்க்கும் கடையைத் தவிர்த்து ஒதுக்குப்புறமாகக் குடிப்பவர் கள்ளச்சாராயத்திடம் போய்ச் சேரலாம். 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் இறந்த கள்ளக்குறிச்சியிலும் கொன்றது அதில் கலந்திருந்த மெத்தனால்.

ஆகவே தெளிந்திருக்கும் இந்த வாரத்திலேயே, நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாள் எழுத வேண்டும்: சறுக்கினால் முதலில் யாருக்குச் சொல்வது, எந்த மருத்துவமனை, யார் உடன் செல்வது, கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த எண்கள். அதில் அவரே கையெழுத்திட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டட்டும். சறுக்கிய இரவில் அடிக்க ஓங்கும் கையும், மாத்திரை தேடும் கையும் அந்தத் தாளைத் தேடினால் போதும்.