கழுகைக் காப்பாற்றிய பழைய முட்டைகள்

1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டு, மற்ற 48 மாநிலங்களில் கூடு கட்டி வாழும் வெண்தலைக் கழுகுகள் எத்தனை என்று எண்ணினார்கள். கிடைத்தது 417 ஜோடி. இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் அவ்வளவுதான்.

வெண்தலைக் கழுகு அந்த நாட்டின் அடையாளம். 1782-இலிருந்து அமெரிக்க அரசு முத்திரையில் சிறகு விரித்து நிற்பது அதுதான். டாலர் நோட்டில் இருக்கிறது, கடவுச்சீட்டின் அட்டையில் இருக்கிறது. 1969-இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிய கலத்துக்கே ‘கழுகு’ என்றுதான் பெயர். அந்தப் பயணத்தின் சின்னத்தில் நிலவின்மேல் இறங்குவதும் வெண்தலைக் கழுகுதான். படத்தில் கழுகு நிலவுக்கே போய்விட்டது. ஊரில் உயிரோடு இருந்த கழுகுகளோ குறைந்துகொண்டே வந்தன.

அமெரிக்கப் பிள்ளைகளிடம் உங்கள் நாட்டைப் பற்றி எதற்காகப் பெருமைப்படுகிறீர்கள் என்று கேட்டால் நிலவுப் பயணத்தைச் சொல்வார்கள், போலியோ தடுப்பூசியைச் சொல்வார்கள். இரண்டும் பெரிய சாதனைகள்தான். என்னைக் கேட்டால் இந்தக் கழுகின் கதையை அவற்றுக்கும் முன்னால் வைப்பேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் பறவையைப் பார்ப்போம். விரித்த சிறகு இரண்டு மீட்டருக்கு மேல். உடலெல்லாம் கரும்பழுப்பு; தலையும் வாலும் மட்டும் வெள்ளை. குஞ்சுக்கு அந்த வெள்ளைத் தலை கிடையாது, அது வர ஐந்து வயதாகும். முக்கிய உணவு மீன். தானே பிடிக்கும், சில சமயம் விராலடிப்பான் பிடித்த மீனை வானத்திலேயே மடக்கிப் பிடுங்கியும் கொள்ளும். நம் கடலோரங்களில் வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகு இதற்கு நெருங்கிய சொந்தம். வெண்தலைக் கழுகு ஒரே கூட்டை வருடா வருடம் குச்சி சேர்த்துப் பெரிதாக்கிக்கொண்டே போகும். ஃபுளோரிடாவில் 1963-இல் அளந்து பார்த்த ஒரு கூடு 2.9 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம், இரண்டு டன்னுக்கு மேல் எடை!

இவ்வளவு பலசாலிப் பறவை எப்படிக் குறைந்தது? முதல் காரணம் துப்பாக்கி. சால்மன் மீனைத் தின்றுவிடுகிறது என்று அலாஸ்காவில் 1917-இலிருந்து கழுகைக் கொல்பவர்களுக்கு அரசே பரிசுப் பணம் கொடுத்தது. 1953-இல் அதை நிறுத்துவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் செத்திருந்தன. மற்ற மாநிலங்களில் 1940-இலேயே கழுகைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகாவது எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. சுடுவது குறைந்த பிறகும் கழுகு ஏன் குறைகிறது?

இந்தக் கேள்வியை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் அல்லர். சார்லஸ் பிராலி என்ற ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கனடாக்காரர். குளிர்காலத்துக்கு ஃபுளோரிடா வந்தவர், ஏறக்குறைய அறுபது வயதில் கயிற்றேணி போட்டு உயரமான மரங்களில் ஏறி, கழுகுக் குஞ்சுகளின் காலில் எண் போட்ட வளையம் மாட்டத் தொடங்கினார். 1939 முதல் 1949 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு வளையம் மாட்டினார். ஃபுளோரிடாவில் பிறந்த குஞ்சுகள் கோடையில் கனடா வரை பறந்து போகின்றன என்பது இந்த வளையங்களால்தான் உலகுக்குத் தெரிந்தது.

பிறகு கூடுகள் மாறின. கழுகு இருக்கும், கூடு இருக்கும், குஞ்சு இருக்காது. 1952-க்கும் 1957-க்கும் இடையில் அவர் பார்த்த கூடுகளில் நூற்றுக்கு எண்பது வெறுமையாகிவிட்டன. 1958-இல் ஒரே ஒரு குஞ்சுக்கு வளையம் மாட்ட அவர் 160 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையில் அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு வருடமும் அதே இடத்துக்குப் போய், அதே கூட்டில் ஏறி, கண்டதை எழுதி வைத்தார் அல்லவா? அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால் கழுகுகள் குறைகின்றன என்ற சந்தேகம் சந்தேகமாகவே நின்றிருக்கும். டி.டி.டி. என்ற பூச்சிமருந்துதான் காரணமாக இருக்கலாம் என்று பிராலியே சொன்னார்.

டி.டி.டி.யைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில் டைஃபஸ் நோயைப் பரப்பும் பேன்களையும் மலேரியா கொசுக்களையும் கொன்று அது ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது. அது பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்த சுவிட்சர்லாந்துக்காரர் பால் முல்லர் 1948-இல் நோபல் பரிசு வாங்கினார். 1945-இல் அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. விலை குறைவு, தெளித்தால் நெடுநாள் நிற்கும். வயல், காடு, சதுப்பு நிலம், தெரு என்று எங்கும் தெளித்தார்கள். சிறிய விமானங்களிலிருந்து கொட்டினார்கள்.

நெடுநாள் நிற்பதுதான் வினையாகிப் போனது. டி.டி.டி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உடலுக்குள் போனால் டி.டி.இ. என்ற வேறு பொருளாக மாறி, கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும், எளிதில் வெளியேறாது. போடலாம், எடுக்க முடியாது. மண் உண்டியல் மாதிரி. ஏரியில் மிதக்கும் நுண்ணுயிர் ஒன்றின் உடலில் அது மிகமிகச் சிறிய அளவில்தான் இருக்கும். ஆனால் ஒரு சின்ன மீன் அப்படி ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைத் தின்கிறது. பெரிய மீன் நூற்றுக்கணக்கான சின்ன மீன்களைத் தின்கிறது. கழுகு நாள்தோறும் பெரிய மீனைத் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் உணவு செரித்துப் போய்விடுகிறது, நஞ்சு மட்டும் தங்கிவிடுகிறது. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் கழுகுக்குத்தான் எல்லாருடைய பங்கும் வந்து சேர்கிறது.

அந்த நஞ்சு பெரும்பாலும் கழுகைக் கொல்லவில்லை. முட்டையைத் தாக்கியது. பறவை முட்டையின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. தாயின் இரத்தத்திலிருந்து கால்சியம் எடுத்து ஓட்டுக்குள் அடுக்கும் வேலையைச் செய்யச் சில நொதிகள் உண்டு. டி.டி.இ. அந்த வேலையைத் தடுத்துவிடும். ஓடு மெலிந்துவிடும். கழுகு அடைகாக்கும்போது 5 கிலோ எடையுள்ள தாய் முட்டைமேல் உட்கார வேண்டும். மெலிந்த ஓடு அதைத் தாங்குமா? சில முட்டைகள் நொறுங்கின. நொறுங்காதவற்றிலும் பல பொரியாமலே கிடந்தன.

இதை எப்படி நிரூபிப்பது? ‘முன்பு ஓடு தடிமனாக இருந்தது’ என்று சொன்னால் போதுமா? முன்பு என்றால் எவ்வளவு தடிமன்? அளந்து வைத்தவர் யார்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு காலத்தில் பறவை முட்டை சேர்ப்பது, தபால்தலை சேர்ப்பதுபோல ஒரு பொழுதுபோக்கு. முட்டையில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றிவிட்டு, வெறும் ஓட்டைப் பஞ்சில் பொதிந்து, எந்த ஊர், எந்தத் தேதி என்று சீட்டு எழுதி வைப்பார்கள். இன்று அது தவறு, பல நாடுகளில் குற்றமும்கூட. ஆனால் அந்தப் பழைய ஓடுகள் அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் பத்திரமாக இருந்தன. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் 1967-இல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓட்டை உடைக்கவே வேண்டாம். அதன் எடையை எடு. நீளத்தையும் அகலத்தையும் அள. எடையை நீளம் பெருக்கல் அகலத்தால் வகுத்துவிடு. வரும் எண் குறைந்தால் ஓடு மெலிந்திருக்கிறது என்று பொருள். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்! அவர் அளந்த, பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையின் முட்டை ஓடுகள் 1947 வாக்கிலிருந்து மெலியத் தொடங்கியிருந்தன.

அமெரிக்காவில் ஜோசப் ஹிக்கி, டேனியல் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் அதே வேலையில் இறங்கினார்கள். 39 சேகரிப்புகளில் 1,729 முட்டை ஓடுகளைப் பார்த்தார்கள். 1968-இல் முடிவை வெளியிட்டார்கள். எண்ணிக்கையில் சரிந்த பறவைகளின் ஓடுகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருந்தன, வெண்தலைக் கழுகின் ஓடும்தான். மெலிவு தொடங்கிய ஆண்டு அங்கேயும் 1947. டி.டி.டி. கடைக்கு வந்து இரண்டே ஆண்டு! அடுத்ததாக, மேரிலாந்து மாநிலத்தின் பாடக்ஸன்ட் ஆய்வு மையத்தில் வாத்துகளுக்கு டி.டி.இ. கலந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் முட்டை ஓடும் மெலிந்தது. சந்தேகம், பழைய சான்று, சோதனை மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின.

இதற்கெல்லாம் முன்பே நாட்டை உலுக்கி எழுப்பியவர் ரேச்சல் கார்சன். கடல் உயிரியலாளர், அரசின் மீன், வனவிலங்குத் துறையில் வேலை பார்த்தவர். 1962-இல் ‘மௌன வசந்தம்’ என்ற நூலில் பூச்சிமருந்துகளின் கேட்டை எடுத்து எழுதினார். பிராலியின் கழுகுக் கணக்கும் அதில் இருக்கிறது. மருந்து தயாரித்த தொழில்துறையினர் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள், அறிவியல் தெரியாதவர் என்றார்கள். அப்போது அவர் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். ஆனாலும் செனட் குழுவின் முன் போய் அமர்ந்து சாட்சி சொன்னார். அதிபர் கென்னடியின் அறிவியல் குழு 1963-இல் ஆராய்ந்துவிட்டு, கார்சன் எழுப்பிய கவலை நியாயமானது என்றது. அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார்.

1972-இல் வயல்களில் டி.டி.டி. தெளிப்பதை அமெரிக்கா தடை செய்தது. மாதக்கணக்கில் விசாரணை நடத்தி, இரு தரப்புச் சாட்சிகளையும் கேட்டு எடுத்த முடிவு அது. எதிரி நாடு வந்து கழுகை அழிக்கவில்லை. தங்கள் ஆலைகளில் செய்து, தங்கள் விவசாயிகள் விரும்பி வாங்கி, நோபல் பரிசால் புகழ்பெற்ற ஒரு பொருள்தான் தங்கள் சின்னத்தை அழிக்கிறது என்பதை, வெறும் முட்டை ஓடுகள் சொன்னபோது அந்த நாடு கேட்டுக்கொண்டது. இதனால்தான் இந்தக் கதையை முன்னால் வைக்கிறேன்.

தடை போட்டதும் கழுகு தானாகத் திரும்பிவிடவில்லை. நியூயார்க் மாநிலம் முழுவதிலும் ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சியிருந்தது, அதற்கும் குஞ்சு இல்லை. 1976-இலிருந்து 13 ஆண்டுகளில் 198 குஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள், பெரும்பாலும் அலாஸ்காவிலிருந்து. உயரமான கோபுரங்களின்மேல் கூண்டு கட்டி, மனித முகம் தெரியாமல் மீன் போட்டு வளர்த்து, சிறகு முற்றியதும் திறந்துவிட்டார்கள். மனிதரைப் பார்த்துப் பழகிவிட்டால் காட்டில் பிழைக்காது, அதற்காகத்தான் இந்த ஒளிவு.

கலிஃபோர்னியாவின் கடற்கரையோரம் கேட்டலினா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே கடலடி மண்ணில் டி.டி.டி. கழிவு தேங்கியிருந்ததால் தடைக்குப் பிறகும் முட்டைகள் உடைந்துகொண்டே இருந்தன. ஆய்வாளர்கள் கூட்டுக்குப் போய் நிஜ முட்டையை எடுத்துவிட்டுப் போலி முட்டையை வைத்தார்கள். தாய் போலி முட்டையை அடைகாத்தது. நிஜ முட்டை சான் ஃபிரான்சிஸ்கோ உயிரியல் பூங்காவில், கருவியின் மிதமான சூட்டில் பொரிந்தது. குஞ்சைக் கொண்டுபோய்க் கூட்டில் வைத்ததும் பெற்றோர் ஊட்டத் தொடங்கிவிட்டன! பல ஆண்டுகள் இப்படியே செய்தார்கள். 2007-இல் அந்தத் தீவில் மனித உதவி இல்லாமலே குஞ்சு பொரித்தது.

அதே 2007-இல் வெண்தலைக் கழுகை அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2019-இன் மதிப்பீட்டின்படி அந்த 48 மாநிலங்களில் 71,000-க்கும் மேற்பட்ட ஜோடிகள் கூடு கட்டியிருந்தன. 417-ஐ இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு வியப்பு: முத்திரையில் இத்தனை காலம் இருந்தும், இதுதான் நாட்டுப் பறவை என்று சட்டம் வந்தது 2024 டிசம்பரில்தான்.

இந்த அனுபவம் நம் பக்கமும் வந்தது. டி.டி.டி.யால் அழிந்துகொண்டிருந்த பொரி வல்லூறைக் காப்பாற்ற 1970-இல் அமெரிக்காவில் ‘பெரெக்ரின் ஃபண்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2000-க்குப் பிறகு அதே அமைப்பின் ஆய்வாளர்கள் பாகிஸ்தானில் செத்து விழுந்த பாறுக் கழுகுகளை ஆராய்ந்து, மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று 2004-இல் கண்டறிந்து சொன்னார்கள். மருந்து போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். இந்தியா 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. நீலகிரி மாவட்டத்து மாயாறு பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன.

அமெரிக்கக் கழுகுக்கு இன்னும் ஒரு தொல்லை பாக்கி இருக்கிறது. வேட்டைக்காரர்கள் விட்டுச் செல்லும் மான் குடலில் துப்பாக்கி ரவையின் ஈயத் துணுக்குகள் கிடக்கும்; அதைத் தின்னும் கழுகுக்கு ஈய நஞ்சு ஏறும். 38 மாநிலங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. சோதித்த கழுகுகளில் ஏறக்குறைய பாதியின் எலும்புகளில் நெடுநாள் ஈய நஞ்சின் தடயம் இருந்தது. ஈயத்துக்குப் பதிலாகத் தாமிர ரவைக்கு மாறிய வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் இன்னும் மாறவில்லை.

நீங்களே ஒரு கழுகுக் கூட்டைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பைன் மரத்தின் உச்சியில் கேமரா பொருத்தி, இணையத்தில் நாள் முழுவதும் நேரலையாகக் காட்டுகிறார்கள். ஜாக்கி, ஷேடோ என்று அந்த ஜோடிக்குப் பெயர். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரியவர்களின் கைபேசியில் இரவு ஒன்பது மணிக்குப் பாருங்கள். அங்கே அப்போது காலை நேரம். தாயும் தந்தையும் முறை மாற்றி அடைகாக்கும். ஒரு நோட்டில் யார் எப்போது எழுந்தது, யார் எப்போது உட்கார்ந்தது என்று தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உட்காரும் முன் காலைக் கவனியுங்கள்: நகம் முட்டையில் படாதபடி விரல்களை உள்ளே மடக்கிக்கொள்ளும்.