ராக்கெட் ஜெயிச்சது, சாட்டிலைட் போய்ச் சேரல: உங்க பேக்கப் நிஜமாவே பேக்கப்பா?

2025 ஜனவரி 29, காலை 6.23 மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்15 கிளம்புச்சு. அங்கிருந்து நடந்த 100-வது ஏவுதல். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான வி. நாராயணன் இஸ்ரோ தலைவரானதுக்கு அப்புறம் முதல் ஏவுதலும் அதுதான். 2,250 கிலோ எடையுள்ள என்விஎஸ்-02 சாட்டிலைட்டை ராக்கெட் சரியான இடத்துல விட்டுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

ஆனா அது கடைசி ஸ்டாப் இல்ல. ராக்கெட் விட்டது ஒரு நீள்வட்டப் பாதையில. ஒரு முனை பூமியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் கீழே, இன்னொரு முனை 36,000 கிலோமீட்டருக்கும் மேலே. அங்கிருந்து சாட்டிலைட் தன்னோட சொந்த இன்ஜினை எரிச்சு, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்குற வட்டப்பாதைக்குப் போகணும். இன்ஜினுக்கு ஆக்ஸிடைசர் அனுப்புற வால்வு திறக்கவே இல்லைன்னு சில நாள்ல இஸ்ரோ சொல்லிடுச்சு. சோலார் பேனல் விரிஞ்சது, கரன்ட் வந்தது, ஆனா போக வேண்டிய இடத்துக்குப் போகல.

மூணு கடிகாரக் கதை

நம்ம நாட்டோட சொந்த ஜிபிஎஸ் மாதிரி இருக்குற 'நாவிக்'ல முதல் சாட்டிலைட் 2013 ஜூலை 1-ல போன ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ. இந்த சிஸ்டத்துக்கு உயிரே அணுக் கடிகாரம்தான். சிக்னல் வந்து சேர்ற நேரத்தை வச்சுதான் உங்க போன் இடத்தைக் கணக்கு போடுது. மைக்ரோ செகண்ட், அதாவது 10 லட்சத்துல ஒரு பங்கு செகண்ட் தப்பினாலே தூரக் கணக்கு 300 மீட்டர் தப்பும்.

அதனால ஒண்ணுக்கு மூணா கடிகாரம் வச்சாங்க. மூணுமே வெளிநாட்டுல வாங்கினது. மூணுமே பழுதாச்சு. மாற்றா 2017 ஆகஸ்ட் 31-ல போன 1எச், ராக்கெட்டோட வெப்பக் கவசம் பிரியாம உள்ளேயே மாட்டிக்கிச்சு. 2018 ஏப்ரல்ல 1ஐ போய்ச் சேர்ந்தது. 2023 மே மாசம் போன என்விஎஸ்-01-லதான் நம்மளே செஞ்ச ருபிடியம் கடிகாரம் ஏறுச்சு.

எண்ணிக்கை மூணுன்னா பாதுகாப்பும் மூணு மடங்குன்னு அர்த்தம் இல்ல. ஒரே மாதிரி பொருள் ஒரே மாதிரிதான் கெடும்.

இப்போ உங்க கணக்கு

'எனக்கு எல்லாம் இருக்கு சார்'னு நிறைய பேர் சொல்லுவாங்க. சம்பளம், கம்பெனி குடுக்குற ஹெல்த் இன்ஷூரன்ஸ், கம்பெனி ஷேர். மூணு பேக்கப் மாதிரிதான் தெரியும். வேலை போச்சுன்னா? சம்பளம் நிக்கும், குரூப் பாலிசி பெரும்பாலும் அதோடயே முடியும், கம்பெனி சரியில்லாம ஆள் குறைச்சிருந்தா அந்த ஷேரும் விழுந்திருக்கும். மூணும் தொங்குறது ஒரே ஆணியில.

அதனால:

1. கம்பெனி பாலிசி இருந்தாலும் தனியா ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க. ஏற்கனவே இருக்குற நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அந்தக் கணக்கு இன்னைக்கே ஓட ஆரம்பிக்கட்டும்.

2. ஆறு மாசச் செலவு, சம்பள அக்கவுன்ட்டுக்கு வெளியே வேற பேங்க்ல எஃப்டியா இருக்கட்டும்.

3. கம்பெனி ஷேர் உங்க மொத்த சேமிப்புல பெரிய பங்கா ஆகிடுச்சுன்னா, வரி பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா வித்து வேற இடத்துல போடுங்க.

4. எஸ்ஐபி ஆரம்பிச்சது ஏவுதல் மட்டும்தான். மாசா மாசம் பணம் நிஜமா போகுதா, மேண்டேட் பவுன்ஸ் ஆகுதான்னு ஸ்டேட்மென்ட் பாருங்க. சம்பளம் ஏறுறப்போ எஸ்ஐபியும் ஏறணும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பேப்பர்ல உங்க பேக்கப் எல்லாத்தையும் எழுதுங்க. பக்கத்துலயே 'இது எது நின்னா நிக்கும்?'னு எழுதுங்க. ரெண்டு வரியில ஒரே பதில் வந்தா, அதுல ஒண்ணை மாத்த வேண்டியதுதான் உங்க அடுத்த வேலை.