ரோவா, ரௌவா?

மூன்றே எழுத்துதான். ஆர், ஓ, டபிள்யூ. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட எழுத்துக் கூட்டிவிடும். ஆனால் அதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டால், "எதைப் பற்றிய பேச்சு என்று முதலில் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்பவர்தான் விவரம் தெரிந்தவர். வரிசை என்ற பொருளில் வந்தால் அது 'ரோ'. துடுப்புப் போட்டுப் படகு செலுத்துவது என்றாலும் 'ரோ'. சண்டை, தகராறு, ரகளை என்றால் மட்டும் 'ரௌ'. மாடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் வருகிறதே, அந்த 'ஔ' ஓசை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று சொற்களுக்கும் ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. நமது முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பில் ஒரே மாடிப்படியைப் பயன்படுத்தும் மூன்று குடித்தனங்கள் மாதிரி. ஒருவர் பாலக்காடு, ஒருவர் பஞ்சாப், ஒருவர் வங்காளம். படி ஒன்று என்பதற்காக அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. பணி ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்து ஆங்கிலச் செய்தித்தாள் வாசிக்கச் சொல்வது என் வழக்கம். அதில் ஒரு பெண், தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து போட்டித் தேர்வுக்காகத் தில்லிக்கு வந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். அவள் சேர்ந்திருந்த பயிற்சி நிலையத்தில் ஒருநாள் தலைப்புச் செய்திகளை உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காவிரித் தகராறு பற்றிய தலைப்பை 'காவேரி ரோ' என்று வாசித்திருக்கிறாள். கொல்லென்று சிரிப்பு. "படகுப் போட்டியா?" என்று ஒருவன் கேலி வேறு. அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. இத்தனைக்கும் 1892-ஆம் ஆண்டு ஒப்பந்தம், 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தம், 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது, 2007 பிப்ரவரியில் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் திறந்துவிட வேண்டிய அளவை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது என்று தேதி வாரியாகச் சொல்லக்கூடியவள். சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? அவள் வீட்டு வயலே அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. ஓர் உயிரெழுத்து ஓசை மாறியதால், அத்தனை விஷயமும் தெரிந்த பெண் வாயடைத்துப் போனாள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. கோபத்தால் பயனில்லை, விளக்கித்தான் ஆக வேண்டும்.

முதலில், அந்தச் சொல் அங்கே ஏன் வந்து உட்கார்ந்தது? செய்தித்தாள்காரர்களுக்கு இடம் பொன் மாதிரி. 'தகராறு' என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ நீளமான சொற்கள் உண்டு. ஒரு பத்தி அகலத்தில் அவை அடங்காது. மூன்று எழுத்தில் அடங்குகிற சண்டை இது ஒன்றுதான். ஆகவே காவிரி 'ரௌ', முல்லைப் பெரியாறு 'ரௌ', மொழி 'ரௌ', சீட்டுப் பங்கீட்டு 'ரௌ'. நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளை வாசிப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது இதைச் சந்திக்காமல் இருக்க முடியாது. அனுமதி என்பதற்கு 'நாட்', கண்டிப்பது என்பதற்கு 'ராப்', முயற்சிக்கு 'பிட்', விசாரிப்பதற்கு 'க்விஸ்' என்று இந்தத் தலைப்புப் பாஷைக்கே தனி அகராதி போடலாம். போலீசார் ஒருவரை 'க்விஸ்' செய்தார்கள் என்றால் பொது அறிவுப் போட்டி நடத்தினார்கள் என்று அர்த்தம் அல்ல! ஆனால் சண்டை என்ற பொருளில் 'ரௌ' பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் அதிகம் புழங்குவதில்லை. அங்கே பிள்ளைகள் இருப்பவர்கள் கவனத்துக்கு.

இப்போது மூன்று குடித்தனங்களின் பூர்வீகத்தைப் பார்ப்போம்.

வரிசை 'ரோ' பழைய ஆங்கிலச் சொல். அன்று அதை ஏறக்குறைய 'ராவ்' என்று சொன்னார்கள். நம் பக்கத்து ராவ்ஜி ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. இந்த 'ரோ' பக்கம் பக்கமாக அமைந்த வரிசை. சினிமாக் கொட்டகை நாற்காலிகள், வயலில் நாற்று, ஒட்டி ஒட்டிக் கட்டிய 'ரோ ஹவுஸ்' எல்லாம் இதில் சேரும். ஒருவர் பின் ஒருவராக நிற்பது 'க்யூ'. தமிழில் இரண்டையும் 'வரிசை' என்றே சொல்லிவிடுவதால் நம் பிள்ளைகள் மதர் டெய்ரி பூத்தில் 'ரோ'வில் நின்றதாக எழுதிவிடுகிறார்கள். கணக்குப் பாடத்தில் அணிகளைப் பற்றிப் படிக்கும்போது, படுக்கைவாட்டில் போவது 'ரோ', செங்குத்தாக இறங்குவது 'காலம்'. தமிழ்ப் பாடநூல்கள் இவற்றை நிரை, நிரல் என்று அழகாகச் சொல்கின்றன. நிரை என்றால் பசுக்கூட்டமும்தான். சங்க காலத்தில் பகைவனின் ஆநிரையைக் கவர்ந்துவருவதில்தான் போரே தொடங்கும். வெட்சித் திணை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 'ரோ'வைத் தொட்டதும் 'ரௌ' ஆரம்பம்!

படகு 'ரோ' வேறு வம்சம். இதுவும் பழைய ஆங்கிலம்தான், ஆனால் வேர் இன்னும் ஆழமானது. கப்பலைத் திருப்பும் சுக்கானுக்கு ஆங்கிலத்தில் 'ரடர்' என்கிறார்களே, அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். லத்தீனில் துடுப்புக்கு 'ரேமுஸ்', சம்ஸ்கிருதத்தில் 'அரித்ர'. இவை எல்லாம் தூரத்து உறவினர்கள். சென்னையில் அடையாற்றங்கரையில் 1867-இல் தொடங்கிய போட் கிளப்பில் இன்றும் நடப்பது இந்த 'ரோயிங்'தான். நம் கடற்கரை ஊர்களில் படகு 'வலிப்பது' என்பார்கள். வலி என்றால் நோவு, வலி என்றால் பலம், வலித்தல் என்றால் இழுத்தல், துடுப்புப் போடுதல். ஒரு மணி நேரம் படகு வலித்தவருக்கு மூன்று பொருளும் ஒன்றாகவே விளங்கிவிடும்.

இதில் ஒரு கிளைச் செய்தி. துடுப்பைத் தாங்கப் படகின் விளிம்பில் ஒரு கொக்கி இருக்கும். அதன் பெயரை எழுத்துப்படி 'ரோலாக்' என்று வாசித்தால் படகுக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. 'ரொலக்' என்று குறுக்கிச் சொல்கிறார்கள். யாரிடம் போய் முறையிடுவது?

மூன்றாவது குடித்தனமான 'ரௌ' நேற்று வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. அதுவும் கொச்சைப் பேச்சாக. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அகராதிகள் 'பூர்வீகம் தெரியவில்லை' என்று கைவிரித்துவிடுகின்றன. சண்டைக்காரனின் முகவரி யாருக்குத் தெரியும்? ஆனால் இதன் வாரிசு என்று கருதப்படும் ஒரு சொல் நமக்கு நன்றாகப் பழக்கம்: ரவுடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளம்பிய சொல் அது. 'ரௌ'விலிருந்து பிறந்திருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். ஊகமோ நிஜமோ, நினைவில் வைக்க இதைவிடச் சுலபமான வழி வேறில்லை. ரவுடியை யாரும் 'ரோடி' என்று சொல்வதில்லை. ரவுடி வந்தால் 'ரௌ' வரும். அந்தப் பெண்ணுக்கு நான் இதைத்தான் சொன்னேன். சட்டென்று சிரித்துவிட்டாள்.

சரி, ஒரே எழுத்துக் கூட்டலுக்கு இரண்டு ஓசை எப்படி வந்தது? சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம், இதற்குச் சரித்திரம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஆ' நெடிலோடு இருந்த சில சொற்கள் காலப்போக்கில் 'ஓ' ஆயின. 'ஸ்நோ', 'நோ' (அறிதல்), வரிசை 'ரோ' எல்லாம் அந்தக் கூட்டம். 'ஓ' நெடிலோடு இருந்த 'க்ரோ', 'ஃப்ளோ', படகு 'ரோ' ஆகியவையும் வந்து அதோடு கலந்தன. இன்னொரு பக்கம், 'ஊ' நெடிலோடு இருந்த சொற்கள். மாட்டுக்கு அன்று 'கூ'. எப்படி என்பதற்கு 'ஹூ'. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுப் பழக்கமுள்ள எழுத்தர்கள் இந்த 'ஊ' ஓசையை ஓ, யூ என்றோ ஓ, டபிள்யூ என்றோ எழுதத் தொடங்கினார்கள். பிறகு பதினைந்தாம் நூற்றாண்டு முதல் ஆங்கில நெடில்கள் எல்லாமே இடம்பெயர்ந்தன. 'கூ' மெல்ல மெல்ல 'கௌ' ஆயிற்று. காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்துகொண்டே வந்தது, நாக்கு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில்தான் உலகம் முழுக்க மாணவர்கள் இன்றைக்கும் இடறுகிறார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகளும் சேர்த்தித்தான்.

இந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால் வேறு சில முடிச்சுகளும் அவிழும். விதைப்பது 'ஸோ', பெண் பன்றி 'ஸௌ'. முன்னது பழைய 'ஆ' நெடில், பின்னது பழைய உகரம். இவை இரண்டும் உறவில்லாதவை. வில் 'போ', வணங்குவது 'பௌ'. இங்கே எழுத்து ஒன்று, ஓசை இரண்டு, ஆனால் வம்சம் ஒன்றே. வளைதல் என்ற கருத்து இரண்டிலும் இருக்கிறது. ஈயம் 'லெட்', வழிநடத்துவது 'லீட்'. கண்ணீர் 'டியர்', கிழிப்பது 'டேர்'. காயம் 'ஊண்ட்', கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாயிற்று என்றால் 'வௌண்ட்'. பட்டியல் நீளும், நிறுத்திக்கொள்கிறேன்.

அகராதி பார்க்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்றைக் காட்டிக்கொடுங்கள். நல்ல அகராதியில் சொல்லின் தலைமேல் பொடி எழுத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். தனித்தனி எண் என்றால் தனித்தனிச் சொல், தனித்தனிப் பிறப்பு. ஒரே எண்ணுக்குக் கீழே உள்ளே வரும் 1, 2, 3 ஒரே சொல்லின் கிளைப் பொருள்கள். பலர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனிலும் இதே முறைதான்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை, எழுதியபடி வாசிக்கலாம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதுண்டு. தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. 'படி' என்றால் மாடிப்படி, பாடம் படி, அளக்கும் படி, கடிதத்தின் நகல் என்று எத்தனை பொருள் வந்தாலும் ஓசை ஒன்றே. ஆனால் வடமொழியிலிருந்து வந்தவற்றில் நம் வீட்டிலேயே 'ரோ'வும் 'ரௌ'வும் இருக்கின்றன. 'பாவம்' என்று எழுதி வல்லோசையோடு வாசித்தால் புண்ணியத்துக்கு எதிர். மெலிந்த ஓசையோடு வாசித்தால் நாட்டியத்தில் முகத்தில் காட்டுவது. நளபாகம் என்பதிலுள்ள 'பாகம்' சமையல். சொத்தில் பாகம் என்றால் பங்கு, முதலெழுத்தின் ஓசையே வேறு. பலம் என்றால் வலிமை. நாட்டு மருந்துக் குறிப்பில் 'சுக்கு ஒரு பலம்' என்று வந்தால் அது சுமார் 35 கிராம் எடை.

தில்லியில் பிறந்த நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். காவிரி 'ரௌ'வைக் கச்சிதமாகச் சொல்கிற பையன், தமிழில் 'மிகுந்த பாவத்துடன் பாடினார்' என்று ஒரு கச்சேரி விமர்சனம் வந்தால், பாடகர் என்ன பாவம் செய்தார் என்று கேட்கிறான். தஞ்சாவூர்ப் பெண் அதைத் திருத்த, அவன் அவளுடைய 'ரௌ'வைத் திருத்த, ஞாயிறு காலை நன்றாகத்தான் போகிறது. அவளும் இப்போது பயிற்சி நிலையத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து வாசிக்கிறாள் என்று கேள்வி.

போன வாரம் அந்தப் பையனின் தாயார், சாமான் பட்டியலைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். கடைசி வரியில் 'கோபி ஒன்று' என்று இருந்தது. எதிர்வீட்டுப் பையன் பெயர் கோபி. அவனை அழைத்துவரச் சொல்கிறாளா, காலிஃப்ளவர் வாங்கிவரச் சொல்கிறாளா என்று தெரியாமல் இவன் இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்த்தான்.