பூத்தொண்டு தெரியும்... பூச்சித்தொண்டு தெரியுமா?

வெளிநாடு சுற்றப்போன இடத்தில், பஸ்கூட எட்டிப்பார்க்காத ஒரு மழைக்காட்டு முகாமில் தங்கி, கொசுக்கடி வாங்கிக்கொண்டு, சம்பளமே இல்லாமல் மரக்கன்று நடுவதும் ஆமை முட்டைக்குக் காவல் இருப்பதும் இன்றைய இளசுகளின் புது மோகம். புதுசா? ஸ்ரீரங்கத்துக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்!

அந்தக் காலத்துக் காட்டுத் தொண்டர் யார் தெரியுமா?
இராமானுஜர் காலம். “திருமலைக்குப் போய் நந்தவனம் அமைக்க யார் தயார்?” என்று ஸ்ரீரங்கத்தில் சீடர்களைக் கேட்டாராம். குளிரும் காடுமாகக் கிடக்கும் மலை, கூட்டம் கப்சிப்! எழுந்து நின்றவர் அனந்தாழ்வான் ஒருவர்தான். கர்ப்பிணி மனைவி மண் சுமக்க, இவர் ஏரி வெட்டினார். வேண்டாம் என்றும் கேளாமல் கூடை தூக்க உதவிய சிறுவன் மீது கோபத்தில் கடப்பாரையை வீச, காயம் பட்டதோ பெருமாளின் மோவாயில்! அங்கே பச்சைக் கற்பூரம் சாத்துவது அதனால்தான் என்பது வைணவர்கள் சொல்லும் கதை. அந்தக் கடப்பாரை திருமலைக் கோயில் வாசலில் இன்றும் தொங்குகிறது!

அவருக்கும் முன்னால் ஒருவர் தெரியுமா?
திருமண்டங்குடியில் பிறந்த விப்ரநாராயணர் அரங்கனைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வந்தார். திரும்பிப் போகவே இல்லை! இங்கேயே தோட்டம் போட்டு, துளசியும் பூவும் வளர்த்து, மாலை கட்டிக் கொடுத்தார். அவர்தான் தொண்டரடிப்பொடியாழ்வார்.

அதே ஸ்ரீரங்கத் தீவில் இன்று என்ன நடக்கிறது தெரியுமா?
காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில், சுமார் 25 ஏக்கரில் வெப்பமண்டல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா! 2015-இல் திறந்தார்கள். ஆசியாவிலேயே பெரியது என்று திருச்சிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள். இதுவரை இங்கே பார்க்கப்பட்டவை நூறு வகைகளுக்கும் மேல். அன்று பூத்தொண்டு, இன்று பூச்சித்தொண்டு!

எருக்கிலைக்கு அடியில் ஒரு நாடகம் தெரியுமா?
இலையைத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலையளவு வெள்ளை முட்டை. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வைத்தது. வெளியே வரும் புழுவுக்கு முதல் சாப்பாடு, அதன் முட்டை ஓடேதான்! அடுத்து இலை. ஆனால் எருக்கம்பால் பிசுபிசுவென்று வாயை ஒட்டிவிடுமே? கெட்டிக்காரப் புழு முதலில் நரம்பைக் கடித்து விடும். பால் அங்கேயே வடிந்து நின்றுபோகும், அதற்கப்புறம்தான் பந்தி! எருக்கின் நஞ்சையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். கொத்திப் பார்த்த பறவை துப்பிவிட்டுப் போகும். பிறகு கூட்டுப்புழு, அது பிளந்தால் கசங்கிய துணிபோலச் சிறகு. தலைகீழாகத் தொங்கியபடி உடல்நீரை அதற்குள் செலுத்த, உங்கள் கண்ணெதிரே இஸ்திரி போட்டதுபோல் விரிகிறது!

பெண் வேடம் போடுவது தெரியுமா?
ஆடுகூடத் தொடாத ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளரும் சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பெல்லாம் நஞ்சு. கறிவேப்பிலையில் வளரும் இன்னொரு பூச்சிக்கு நஞ்சே கிடையாது. ஆனால் அதில் சில பெண்கள் அந்த அழகியைப் போலவே உடுத்திக்கொண்டு பறவைகளை ஏமாற்றுகின்றன. ஆணுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை!

காய்ந்த செடிக்குக் கூட்டம் கூடுவது தெரியுமா?
வாடிப்போன தேள்கொடுக்குச் செடியில் வெந்தய வரியன் ஆண்கள் மொய்த்துக் கிடக்கும். தேனுக்கா? இல்லை, அத்தருக்கு! அந்தச் சாற்றிலிருந்துதான் பெண்ணை மயக்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. ‘களை’ என்று பிடுங்கி எறிந்தோமே!

செடிகளுக்குத் திருச்சியில் ஓர் ஆவணக் காப்பகம் இருப்பது தெரியுமா?
தூய வளனார் கல்லூரியில் ராபினட் தாவரச் சேகரிப்பகம்! பிரான்சிலிருந்து வந்து இங்கே செடி தேடிய பாதிரியார் ஒருவரின் பெயர் அது. 1967-இல் அதைத் தொடங்கியவர் பாதிரியார் கே. எம். மேத்யூ. அவர் குழு வெயிலில் நடந்து சேர்த்த செடிகளிலிருந்து தமிழகச் சமவெளிகளின் தாவரங்களைப் பற்றிப் பெரும் பெரும் தொகுதிகளே பிறந்தன.

சுற்ற வந்தவர்கள் காடு வளர்த்தது தெரியுமா?
ஆரோவில்லில் 2003-இல் ஓர் இஸ்ரேல் தம்பதியர் தொடங்கியது சாதனா ஃபாரஸ்ட். மண் அரித்துப்போன 70 ஏக்கரில், உலகெங்கிலுமிருந்து வந்த தொண்டர்கள் வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தி, நம் மண்ணுக்கே உரிய மரங்களை நட்டார்கள். வயநாட்டிலோ, 1981-இல் ஒரு ஜெர்மானியர் தொடங்கிய குருகுலத் தாவரச் சரணாலயம் அழிந்துவரும் மலைச்செடிகளுக்கு அடைக்கலம் தருகிறது.

நாமும் சேரலாம், தெரியுமா?
பொங்கல் நான்கு நாளும் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. செப்டம்பர் முழுக்க இந்தியா எங்கும் வண்ணத்துப்பூச்சி மாதம்! பார்த்ததைப் பதிந்தால் போதும்.

அதுவும் முடியாதா? உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியைக் குனிந்து பாருங்கள். இலை மேல் காக்கை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறதா? கழுவிவிடாதீர்கள்! எச்சம்போல வேடமிட்ட குட்டிப்புழு அது. ரசத்துக்கு வேறு கிளையில் கிள்ளிக்கொள்ளுங்கள். இந்தத் தொண்டுக்கு விசாவே வேண்டாம்!